தற்காலிகத் தப்பியோடுநர்

காவலர் பயிற்சிப் பள்ளியின் ஊழியர் பட்டியலை யாராவது பொறுமையாகப் படித்தால், முதல்வர், துணை முதல்வர், உடற்பயிற்சி ஆய்வாளர், சமையல்காரர், தோட்டக்காரர் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசிக்கு முந்தின வரியில் ‘தப்பியோடுநர் (தற்காலிகம்)’ என்று ஒரு பதவி இருப்பதைக் காணலாம். கடைசி வரி மோப்ப நாய்க்கு உரியது. நாய் நிரந்தரப் பணியாளர்.

தப்பியோடுநர் பதவியில் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள்தான். ஐம்பத்து மூன்று வயது, ஒடிசலான உடம்பு, இடது முழங்காலில் விடாத ஒரு வலி. பயிற்சிக்கு வரும் பையன்கள் அவரைத் ‘திருடரண்ணே’ என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அது அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கூடவே ‘அண்ணே’ போடுகிறார்களே என்று பிற்பாடு மனதைத் தேற்றிக்கொண்டார்.

வேலை ஓடுவது. ஒவ்வொரு பிரிவும் பயிற்சி முடித்து வெளியே போகும்முன் ‘துரத்திப் பிடித்தல்’ என்று ஒரு தேர்வு உண்டு. தப்பியோடுநர் அரசு வழங்கிய கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். அதன் முதுகில் ‘குற்றவாளி’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கையில் பழைய செய்தித்தாள் திணித்த ஒரு கறுப்புப் பை. கையேட்டில் அதற்குப் பெயர் ‘களவுப் பொருள்’. முதல் விசிலுக்கு அவர் ஓட வேண்டும். பத்து எண்ணி இரண்டாவது விசில் ஊதினால் மாணவன் ஓட வேண்டும். மைதானம், பள்ளம், மார்பளவுச் சுவர், உணவுக்கூடத்தின் பின்பக்கம், மறுபடியும் மைதானம். இரண்டு நிமிடத்துக்குள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டால் தேர்ச்சி. கையைப் பிடித்தால் செல்லாது. காலரா, கையா என்று முடிவு செய்ய ஒரு காலத்தில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. அதில் கலந்துகொண்ட யாருமே கடந்த பத்து வருடத்தில் எவரையும் துரத்தியதில்லை.

இந்த உத்தியோகம் அவருக்குக் கிடைத்ததும் ஓடித்தான். வாலிபத்தில், புத்தி கெட்டுப்போயிருந்த ஒரு நாளில், ஒரு வீட்டு ஜன்னலோரம் இருந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐந்து காவலர்கள் பின்னால் ஓடினார்கள். கால் பிடரியில் பட ஓடியவரை ஒருவராலும் நெருங்க முடியவில்லை. ஓடும்போது பிடிக்க முடியாதவரை மறுநாள் காலை தூங்கும்போது பிடித்தார்கள். இரண்டு வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, கல்யாணமாகி, தொட்டிலில் ஒரு பிள்ளையும் கையில் வேலையும் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அன்று துரத்திய ஐவரில் ஒருவர் பயிற்சிப் பள்ளிக்கு முதல்வராக வந்திருந்தார். தன் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த முதுகு இதுதான் என்று அவருக்கு நினைவிருந்தது. ஆளனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்.

முதல் பிரிவில் அறுபது பேர். தப்பியோடுநர் புது உத்தியோகம் கிடைத்த சந்தோஷத்தில் உண்மையாகவே ஓடிவிட்டார். அறுபது பேரும் தோற்றார்கள். மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருவன் சுவரில் ஏறி, இறங்கத் தெரியாமல் மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏன்யா, அரசாங்கத்துச் சோத்தத் தின்னுட்டு அரசாங்கத்தையே தோக்கடிக்கிறியா?”

“ஓடச் சொன்னீங்கய்யா. அதான் ஓடுனேன்.”

“ஓடச் சொன்னேன். தப்பிக்கச் சொன்னேனா?”

அன்றைக்குப் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவன்கூடத் தோற்றதில்லை. இது சும்மா வந்த கெட்டிக்காரத்தனமில்லை. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடினால் சிலருக்கு எட்டாது, சிலருக்குச் சந்தேகம் வந்துவிடும். துரத்துகிறவனுக்குத் தகுந்தபடி ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. அவர் காதால் ஓடினார். பின்னால் வரும் மூச்சு சீராக இருந்தால் கால் விரைசலாகப் போகும். மூச்சு இரைக்க ஆரம்பித்தால் கால் தானாகத் தளரும். விசில் சத்தம்போல இழுத்தால் இன்னும் தளரும். ஒரே ஒருமுறை மட்டும், பின்னால் வந்தவனுக்காக வேண்டுமென்றே தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்து, காலரைத் தானே கொஞ்சம் உயர்த்திக் காட்ட வேண்டியிருந்தது.

அவனை எல்லோரும் ‘மெத்தை’ என்று கூப்பிட்டார்கள். அவ்வளவு மெதுவான உடம்பு. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அப்பா பணியில் இருக்கும்போது இறந்ததால் கிடைத்த காவலர் வேலை. ஏற்கெனவே வேறு பள்ளிகளில் மூன்று முறை தோற்றுவிட்டு, இதுதான் கடைசி வாய்ப்பு என்று வந்திருந்தான். பிடித்த காலரிலேயே முகத்தை வைத்து அழுதான். “எங்கம்மாவக் காப்பாத்திட்டீங்கண்ணே” என்றான். ஒரு உத்தியோகத்தில் இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தப்பியோடுநர் நினைத்துக்கொண்டார்.

இப்போதைய முதல்வர் மூன்று வருடத்துக்குமுன் வந்தவர். உடல் தகுதியில் அளவுகடந்த நம்பிக்கை உள்ளவர். தன் குடியிருப்பிலிருந்து மைதானத்துக்கு இருக்கும் இருநூறு அடியையும் ஜீப்பில் வந்து, உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றிப் பேசிவிட்டு, ஜீப்பிலேயே திரும்பிப் போவார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இடுப்பளவு எடுக்கும் நாள். மாணவர்களுக்குத் துணி நாடா. அதிகாரிகளின் இடுப்புக்கு, இழுத்தால் நீளும் ரப்பர் நாடா. இதனால் பதவி உயர உயர இடுப்பு மெலிவது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த வரைபடம் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டிருக்கிறது.

நூற்றுக்கு நூறு தேர்ச்சிக்காகப் பள்ளிக்கு விருது வந்தபோது அவர் நிகழ்த்திய உரை இது:

“நான் ஓடுவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். கப்பலின் தலைவன் நீந்திக்கொண்டா போகிறான்? நம் பள்ளியில் படித்த ஒருவனிடமிருந்து எந்தக் குற்றவாளியும் தப்பியதில்லை. ஆதாரம் கேட்கிறவர்கள் வந்து பார்க்கலாம். அந்தக் குற்றவாளி இதோ, இங்கேயே, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். தப்பியோடுநர் துடைக்கும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டார்.

வெளியே மட்டும் நிலைமை வேறாக இருந்தது. கடைத்தெருவில் கைப்பைகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. பள்ளியில் தேறிய காவலர்கள் துரத்தினார்கள். திருடர்கள் கம்பி நீட்டினார்கள். புகார் மேலே போனது. மேலிருந்து ஒரு குழு வந்தது. குழு ஒருநாள் கடைத்தெருவையும், மீதி எட்டு நாள் விருந்தினர் மாளிகையையும் ஆராய்ந்து தொண்ணூற்றாறு பக்கத்தில் ஓர் அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் இதுதான்: பயிற்சியில் குறை எதுவும் இல்லை. நிஜத் திருடர்கள்தான் கையேட்டின்படி ஓடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குப் பின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற நிலைபெற்ற நடைமுறையை அவர்கள் பின்பற்றுவதே கிடையாது. எனவே அவர்களைக் குற்றவாளிகள் என்று கருதுவதில் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. துரத்தலின்போது எவருடைய வேகம் குறைகிறதோ, அவரையே பிடிக்க வேண்டியது.

பிடித்தார்கள். செருப்பு வார் அறுந்து நடுத்தெருவில் குனிந்தவரைப் பிடித்தார்கள். சாலையைக் கடக்கத் தயங்கி நின்ற பெரியவரைப் பிடித்தார்கள். மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நடந்த ஒரு இதய நோயாளியைப் பிடித்தார்கள். அந்தச் சீட்டையே ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் சேர்த்தார்கள். கைதுகள் மூன்று மடங்காயின. கடைத்தெருவில் ஜனங்கள் விறுவிறுவென்று நடக்கப் பழகிக்கொண்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள்கூட அரை ஓட்டமாகத்தான் காய்கறி வாங்கினார்கள். ஒட்டுமொத்த ஊரின் உடல் தகுதியும் மேம்பட்டுவிட்டது என்று முதல்வர் மற்றோர் உரையில் பெருமைப்பட்டார்.

தேநீர்க் கடையில் கிடந்த நாளிதழில் தப்பியோடுநர் இதையெல்லாம் படித்தார். தான் எங்கே தளர்ந்தாரோ அங்கே அந்தப் பையன்கள் எட்டிப் பிடித்துப் பழகியிருக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை. ‘நமக்கென்ன, ஓடச் சொன்னா ஓடுறோம்’ என்று நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அந்த ‘நமக்கென்ன’வைப் பிற்பாடு அவர் நினைத்து நினைத்து அழுதிருக்கிறார்.

அவருடைய வீடு இரண்டு அறை. முன்னறையில் மனைவி உட்கார்ந்து சீருடைகளுக்குப் பொத்தான் தைப்பாள். பயிற்சிப் பள்ளி அதிகாரிகளின் வயிற்றுப் பகுதியிலிருந்து பொத்தான்கள் தெறித்துக்கொண்டே இருந்ததால் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒரே மகன். இருபத்து மூன்று வயது. மருந்துக் கடையில் வேலை. நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் மருந்து கொடுத்துவிட்டு வருவான். படித்து, தேர்வெழுதி, பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். பதினைந்து நாளில் சேர வேண்டும். காவல் துறையின் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சான்றை நினைத்தாலே தப்பியோடுநருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தன் பழைய ரேடியோ பிள்ளையின் காகிதத்தில் எங்காவது ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று அவர் பயப்படாத நாளில்லை. மகன் நடக்கப் பழகிய நாளிலிருந்து வீட்டில் ஒரே ஒரு கண்டிப்பு: ஓடக் கூடாது. மழை வந்தாலும் நடந்து வா. பேருந்து போனாலும் போகட்டும், நடந்து வா. திருடன் மகன் ஓடினால் ஊர் என்ன நினைக்கும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் அவன் மட்டும் ஓரமாக நின்று மற்றவர்களின் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் தப்பியோடுநர் மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது உடற்பயிற்சி ஆய்வாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“யோவ், சேதி தெரியுமா? நம்ம மெத்தை வெளியில மொத ஆளப் பிடிச்சுட்டான்யா! ஒன்ற நிமிஷம். காலர்லயே கை!”

“நெசமாவா சார்?” தப்பியோடுநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுண்ணாம்புக் கையோடு கைதட்டினார். “எப்படியோ தேறிட்டான் பாருங்க. இழுப்பு எதுவும் வரலியே அவனுக்கு?”

“அதெல்லாம் ஜோரா இருக்கான். எவனோ கைப்பையப் பறிச்சுட்டு ஓடியிருக்கான். இவன் தொரத்தியிருக்கான். கடசீல பிடிபட்டது மருந்துக் கடப் பையனாம். பாத்தா சாதுவா இருக்கானாம்.”

“எந்த மருந்துக் கட சார்?”

ஆய்வாளர் சொன்னார். தப்பியோடுநர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். வாளி சாய்ந்து, கோடு இல்லாத இடமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதற்காக மறுநாள் அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது.

காவல் நிலையத்துக் கம்பிக்குப் பின்னால் மகன் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

“நான் ஒண்ணும் செய்யலப்பா. மருந்து குடுக்கப் போய்ட்டிருந்தேன். பின்னால விசில் சத்தம் கேட்டுச்சு. ஒருத்தன் என்னத் தள்ளிட்டு ஓடுனான். போலீஸ் வர்றாங்களேன்னு வழி விட்டு செவுத்தோரமா ஒதுங்கி நின்னேன். வந்தவரு நேரா என் கிட்டதான் வந்தாரு.”

“மருந்த என்னடா பண்ண?”

“அது களவுப் பொருளாம்பா. எழுதி வாங்கிட்டாங்க. அந்தத் தாத்தாவுக்கு ராத்திரிக்கு மாத்திரை இல்லப்பா. யாராச்சும் கொண்டு போய்க் குடுக்கணும்.”

கூட வந்திருந்த மனைவி நிலையத்து வாசலுக்கு வந்ததும் சொன்னாள்.

“ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் பிடிக்கக் கத்துக் குடுத்தீங்க. நம்ம பிள்ளைக்கு ஓடக் கத்துக் குடுக்கலியே நீங்க.”

அவர் அந்த மாத்திரையை மட்டும் வேறு கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் திரும்பி வந்தபோது மெத்தை நிலையத்து வாசல் மரத்தடியில் நின்றிருந்தான். ஓடி வந்து காலைத் தொடப் போனான். “அண்ணே, சத்தியமா உங்க பையன்னு தெரியாதுண்ணே. எனக்கு முன்னால ரெண்டு பேரு. ஒருத்தன் ஓடிட்டே இருந்தான். ஒருத்தர் நின்னாரு. நீங்க நிப்பீங்கல்ல, அதே மாதிரி நின்னாருண்ணே. கை தானாப் போயிருச்சு.”

“அப்ப தப்பாப் பிடிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்துருப்பா.”

“எழுதுனேண்ணே. கிழிச்சுப் போட்டுட்டாங்க. தேர்ச்சிச் சான்று வாங்குனவன் தப்பாப் பிடிக்க முடியாதாம். மறுபடி எழுதுனா என் சான்று போயிரும்னாங்க. அது போனா வேல போயிரும்ணே. அம்மா டயாலிசிஸ்ல இருக்காங்க. வாரம் ரெண்டு தடவ.”

அவர் அவன் தோளில் கையை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல்வரின் அறை வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். உள்ளே அதிகாரிகள் மூச்சுப் பயிற்சியில் இருந்தார்கள். குறட்டைச் சத்தம் ஓய்ந்ததும் கூப்பிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தான் இருபத்திரண்டு வருடமாக வேண்டுமென்றே தளர்ந்து ஓடியதைச் சொன்னார். அதைப் பார்த்துப் பழகியதால்தான் பையன்கள் நின்றவனையெல்லாம் பிடிக்கிறார்கள் என்றார். “என் பிள்ளய விட்டுருங்கய்யா. தப்பு என் கால் மேலதான்” என்று கைகூப்பினார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது.

“உக்காருங்க. நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர். அதனால மனசு விட்டுப் பேசறேன். இந்தப் பள்ளியில இதுவரைக்கும் ஆயிரத்து எண்ணூறு பேர் தேர்ச்சி. நீங்க வேணும்னே தளர்ந்தீங்கன்னு நான் ஒத்துக்கிட்டா, ஆயிரத்து எண்ணூறு சான்றும் பொய். அவங்க பிடிச்சவங்க எல்லாம் நிரபராதி. நான் வாங்கின விருதும் பொய். ஒரு பையன் வெளிய வர்றதுக்காக ஒரு துறையையே உள்ள தள்ளச் சொல்றீங்களா? நியாயமா அது?”

“ஆனா அவன் எடுக்கலியேய்யா.”

“எடுத்தானா இல்லையான்னு பாக்கறது நம்ம வேலையில்ல. பிடிச்சவருக்குத் தகுதி இருக்கா, அதான் கேள்வி. தகுதி இருந்தா, பிடிபட்டவன் குற்றவாளி. இதுல உணர்ச்சிக்கு இடமே இல்ல.” முதல்வர் கையேட்டைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. “நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல. மறுதேர்வுன்னு ஒண்ணு இருக்கு. அந்தக் காவலர் மறுபடி உங்களத் துரத்தட்டும். நீங்க உண்மையாவே ஓடுங்க. ரெண்டு நிமிஷத்துல அவர் பிடிக்கலேன்னா அவர் சான்று ரத்து. சான்று இல்லாதவர் செஞ்ச கைது செல்லாது. உங்க பையன் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போகலாம். பிடிச்சுட்டார்னா, உங்க பையன்தான் திருடன். சரிதானே?”

இந்த நீதியில் எந்த இடத்தில் ஓட்டை என்று தப்பியோடுநருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. இரண்டு நிமிடம். இழுப்பு உள்ள ஒரு பையன். முழங்கால் வலித்தாலும் முடியும். தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுதேர்வு. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். பந்தல், நாற்காலிகள், குளிர்பானம். ‘வேகமே விவேகம்’ என்று ஒரு துணிப் பதாகை. மகனையும் கொண்டுவந்திருந்தார்கள்; வழக்கின் சான்றுப் பொருள் என்பதால் தேர்வு நடக்கும் இடத்தில் இருக்க வேண்டுமாம். வலைக் கம்பி போட்ட காவல் வண்டி மைதானத்தின் ஓரத்தில் நின்றது. தேர்வு முடிந்ததும் ஒன்று, கதவைத் திறந்து இறக்கி விடுவார்கள். இல்லாவிட்டால் அப்படியே சிறைக்குப் போகும். ஓட்டுநர் இரண்டுக்கும் தயாராக இருந்தார். மனைவி வண்டியின் பக்கத்தில் நின்று வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டின் அருகே மெத்தை வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, நீங்க ஓடுங்க. நானும் நெசமாத்தான் ஓடுவேன். என்ன மன்னிச்சுருங்க.”

“ஓடுப்பா” என்றார் அவர். “உனக்கும் வேற வழியில்ல.”

முதல் விசில் ஊதியது.

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு தப்பியோடுநர் உண்மையாக ஓடினார். முதல் பத்து அடியில் முழங்கால் முனகியது. அதற்கப்புறம் அதுவும் வாயை மூடிக்கொண்டது. கால் தரையில் பாவவில்லை. இரண்டாவது விசில் கேட்டபோது அவர் பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தார். பள்ளத்தை ஒரே தாவாகத் தாவினார். சுவரில் கை வைத்ததுதான் தெரியும், மறுபக்கம் இருந்தார். தேர்வு முடித்திருந்த மாணவர்கள் தங்களை மறந்து எழுந்து நின்றார்கள். தாங்கள் எல்லோரும் காலரைப் பிடித்த மனிதர் இவர்தானா என்று அவர்களுக்குத் திகைப்பாக இருந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ஒரு நிமிடம்!” என்று ஆய்வாளர் கத்தினார். நாற்பது அடி இடைவெளி.

உணவுக்கூடத்தைச் சுற்றி மறுபடியும் மைதானத்துக்குள் வந்தார். எதிரே தூரத்தில் காவல் வண்டி தெரிந்தது. மனைவி இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளில் அவன் மருந்தகத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்பான் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரை இன்னும் தள்ளிக்கொண்டு போனது.

“ஒண்ணே முக்கால்!”

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் மாறியது. இரைப்பு, விசிலாக இழுத்தது. விசில் இரண்டு முறை அறுந்தது. பிறகு, ஒரு கணம், எதுவுமே கேட்கவில்லை.

அவர் எதையும் முடிவு செய்யவில்லை. இரக்கப்பட அவருக்கு நேரமும் இல்லை. அவருடைய மனம் ஓடு, ஓடு என்றுதான் கத்திக்கொண்டிருந்தது. கால்தான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பின்னால் மூச்சு அறுந்தால் தளர வேண்டும் என்று மட்டுமே பழகிய கால் அது. அதற்கு மகன் யார், மற்றவன் யார் என்று தெரியாது. அது தளர்ந்தது. அவர் பல்லைக் கடித்துத் தொடையில் ஓங்கி அடித்தார். கால் இன்னும் தளர்ந்தது. பின்னால் தடதடவென்று ஒரு உடம்பு வந்தது. காலரில் ஒரு கை விழுந்தது.

“ஒண்ணு, அம்பத்தேழு!”

இருவரும் தரையில் விழுந்தார்கள். மெத்தை வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தான். தப்பியோடுநர் அவனைப் புரட்டி உட்கார வைத்து முதுகைத் தடவினார். மூச்சு திரும்பியதும் அவன் முதலில் செய்த காரியம், காலரில் இருந்த தன் கையை எடுத்தது. “விட்டுட்டேண்ணே, நான் பிடிக்கல, பிடிக்கலன்னு எழுதிக்கச் சொல்லுங்க” என்று அழுதான். ஆய்வாளர் அதற்குள் எழுதிவிட்டார்.

பந்தலில் கைதட்டல் ஓய நேரமானது. முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம் பயிற்சியின் மீது அவதூறு சொன்னவர்களுக்கு இன்று பதில் கிடைத்துவிட்டது. இத்தனை வேகமாக ஓடும் ஒரு குற்றவாளியை, உடல்நலம் குன்றிய ஒரு காவலர் பிடித்திருக்கிறார் என்றால், அது தனி மனிதரின் வெற்றி அல்ல, கையேட்டின் வெற்றி. இந்த மகிழ்ச்சியில், இத்தனை காலம் தற்காலிகமாகப் பணியாற்றிய நம் தப்பியோடுநரை இன்றுமுதல் நிரந்தரமாக்கி உத்தரவிடுகிறேன்.”

மறுபடியும் கைதட்டினார்கள். யாரோ அவர் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். அது காலரை மறைத்தது. அவர் மாலையோடே காவல் வண்டியை நோக்கி நடந்தார். ஓட்டுநர் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தார்.

வலைக் கம்பிக்குள்ளிருந்து மகன் இரண்டு விரலை வெளியே நீட்டியிருந்தான். அவர் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். “கால் நின்னுருச்சுடா” என்றார்.

“பாத்தேம்ப்பா.”

“மூணு செகண்டுடா.”

“அழாதீங்கப்பா.” மகன் வலைக் கம்பியோரம் நெருங்கி வந்தான். “நீங்க இவ்வளவு வேகமா ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. எவ்வளவு நல்லா ஓடுறீங்க.”

வண்டி நகர்ந்தது. விரல்கள் நழுவின. மனைவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வண்டியின் பின்னால் ஓட ஆரம்பித்தார். மாலை அறுந்து ஒவ்வொரு பூவாகக் கொட்டியது. பள்ளியின் வெளிக் கதவருகே நின்ற காவலர் வழிவிட்டார். தெருவில் அரை ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்த ஜனங்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் யாரும் துரத்தவில்லை. காதில் எந்த மூச்சும் விழவில்லை. கால் தளரவே இல்லை.

பந்தலில் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்த பெரிய அதிகாரி, யார் அது ஓடுவது என்று கேட்டார்.

“நம்ம தப்பியோடுநர்தான் சார்” என்றார் முதல்வர். “நிரந்தரம் ஆக்கினதும் எப்படிப் பொறுப்பு வந்துருச்சு பாருங்க. வேலை நேரம் முடிஞ்சும் பயிற்சி எடுக்கிறார்.”